ரவுட்டருக்குள் இருந்தவன்

பாணமையிலிருந்து புவிராசா கொண்டுவந்த ரவுட்டரில்
லைட் எரிந்தது, நெட் வரவில்லை.
நாலு ஆணியைக் கழற்றினேன்.
உள்ளே பஞ்சடைத்தாற்போல் வலை,
வலைக்குள் ஒரு குழல்,
குழலின் வாயில் மயிரடர்ந்த எட்டுக் கால்கள்.

காலை விரித்தால்
ஐந்து ரூபாய்க் குற்றியை மூடும், அவ்வளவுதான்.
புலிமுகச் சிலந்திட குஞ்சு காக்கா, என்றான்
கடையில் வேலை பழகும் றிஸ்லி.
குஞ்சில்லை. அந்தச் சாதியே அவ்வளவு.
அதைக் கண்டறிய எனக்கு மூன்று மாதமும்
ஏழு ஜிபி டேட்டாவும் போயிற்று.

ஐஸ்கிறீம் பெட்டி, அரைவாசிக்குத் தும்புத்தூள்.
சோல்டரிங் அயனால் மூடியில் பதினாறு துளை.
தண்ணீருக்குச் சோடா மூடி.
'இத வீட்ட கொண்டந்தா நான் உம்மா வீட்ட' என்றாள் ஹஸ்மியா.
ஆகவே கடையிலேயே,
செத்த போன்கள் கிடக்கும் லாச்சிக்கு மேலே.
கல்முனையில் பழைய டீவிகளுக்குள்
கரப்பான் குஞ்சுக்குப் பஞ்சமில்லை.

டிஸ்பிளே மாற்ற வருகிறவர்கள் கேட்பார்கள்:
வளர்ந்தா எவ்வளவு பெரிசாகும்?
வளர்ந்திட்டுது என்பேன்.
முகம் விழுந்துபோகும் அவர்களுக்கு.
கடிக்குமா? கூப்பிட்டா வருமா?
இதால என்ன பிரயோசனம்?
நான் டிஸ்பிளேயை ஒட்டிக்கொண்டிருப்பேன்.

ஒருமுறை நாற்பது நாள் உண்ணவில்லை.
மல்லாந்து கிடந்தது.
இன்னாலில்லாஹி என்றே சொல்லிவிட்டான் றிஸ்லி.
அஸருக்குப் போய்வந்து பார்த்தால்
பெட்டிக்குள் இரண்டு.
ஒன்று வெறும் சட்டை,
மற்றது அதன் பக்கத்தில்
இப்போதுதான் குளித்தாற்போல.

ஐசி பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில்
சட்டையை விரித்து
ஆணா பெண்ணா என்று தேடினேன்.
தேட வேண்டிய இடத்தில் கிழிந்துபோயிற்று.
பெண்ணென்றே வைத்துக்கொண்டேன்.
பெண்ணென்றால் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்குமாம்.
என் கடை வாடகை ஒப்பந்தம் அவ்வளவு நீளமில்லை.

அடுத்த வருடம் கழற்றிய சட்டையிலிருந்து
வெளியே வந்தவனுக்கு
முகத்தருகே இரண்டு சிறு கைகள்,
நுனி வீங்கி, தீக்குச்சித் தலைபோல.
அதற்கு மைக்ரோஸ்கோப் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து குழலுக்குள் போகவில்லை.
கரப்பானை மிதித்துக்கொண்டு நடந்தான்.
இரவு இரண்டுக்கு என் போனில் அறிவிப்பு வரும்:
கடைக் கமராவில் அசைவு.
படுக்கையில் கிடந்தபடி பார்ப்பேன்.
தட்டுவான். நிற்பான்.
பிளாஸ்டிக்குக்கு அந்தப்பக்கம் கேட்கிறதா என்று
காலால் கேட்டுப் பார்ப்பான்.
மறுபடி தட்டுவான்.

இது எனக்குத் தெரிந்த விசயம்தான்.
வயர் அறுந்த ரவுட்டர் செய்வதும் இதையே.
இருக்கிறேன், இருக்கிறேன் என்று
விடியும்வரை சொல்லும்.

ஜும்ஆ முடிய பொத்துவில் பஸ்.
அங்கிருந்து பாணமைக்கு இன்னொன்று.
மடியில் பெட்டி, பெட்டிக்கு மேல் ரவுட்டர்.
புவிராசா சிரித்தார்:
'ரெண்டு வருசமாச்சு தம்பி,
நாங்க புதுசே வாங்கிட்டம்.'
பழசு எங்கே இருந்தது என்று கேட்டேன்.
குசினிப் பின்சுவரைக் காட்டினார்.
வெளியே விறகு, கறையான் புற்று, அப்பால் பற்றைக்காடு.

மூடியைத் திறந்து வைத்தேன்.
இத்தனை நாள் தட்டியவன்
திறந்ததும் அசையவில்லை.
எனக்கு வெட்கமாயிருந்தது, ஏனென்று தெரியாமல்.
புவிராசா டோர்ச்சை அணைத்தார்.
திரும்பப் போட்டபோது பெட்டியில் வலை மட்டும்.
'உள்ளுக்க இருந்தது இவன்தானா?
அப்ப ரவுட்டருக்கு எவ்வளவு தரவேணும்?'
ஒன்றும் வேண்டாம் என்றேன்.
ஒரு சீப்பு வாழைப்பழம் தந்தார்.

ஆண்களுக்கு அதன்பிறகு சில மாதம்தான்.
விறகுக்குள் ஒருத்தி இருந்தாளா,
இருந்தால் பதில் தட்டினாளா, தின்றாளா,
அதற்குக் கமரா இல்லை.

அன்றிரவு இரண்டுக்கு விழிப்பு வந்தது.
போன் இருட்டாகக் கிடந்தது.
கட்டில் சட்டத்தில் என் இரண்டு விரல்கள்
தாமாகவே.

'யாரது தட்டுற?' என்றாள் ஹஸ்மியா,
தூக்கத்தில்.